நாலாவது மாடி

தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் போகும் வழியில் ஒரு ரேடியோ கம்பெனி இருந்தது. அதன் ஆபீஸ் கட்டடத்தைவிட உயரமாக எங்கள் பக்கத்தில் அன்றைக்கு எதுவும் கிடையாது. ரிக்‌ஷாக்காரர்கள் அதை ‘ஆறு மாடி’ என்பார்கள். எனக்கு அது பொறுக்காது. தரையோடு இருப்பது எப்படி மாடியாகும்? அது கிரவுண்ட் ஃப்ளோர், அதற்கு மேலே இருப்பதுதான் முதல் மாடி, ஆகவே இது அஞ்சு மாடிதான் என்று அகப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்வேன். கான்வென்ட்டில் படித்த திமிர். நான் சொன்னதை அப்படியே நம்பியது என் அக்கா ஒருத்திதான்.

அறுபதுகளில் அந்தக் கட்டடம் ஜோராக இருந்தது. சாயங்காலமானால் மொட்டை மாடியில் கம்பெனியின் பெயர் சிவப்பு விளக்கில் எரியும். அது எரிந்ததும் அம்மா எங்களைப் படிக்க உட்கார வைப்பாள். ஆயுத பூஜையன்று கேட்டைத் திறந்து ஊர் ஜனங்களை உள்ளே விடுவார்கள். பொரி, கடலை, லிஃப்டில் ஒரு இலவசச் சவாரி. படைத்த பொரியைத் தொடக் கூடாது, நாம் வேதக்காரர்கள் என்று அம்மா சொல்லித்தான் அனுப்புவாள். நாங்கள் நன்றாகத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம். ஒரு வருஷம் அக்கா சமர்த்தாக லிஃப்ட் வரிசையில் நின்று மேலே போய் வந்தாள். நான் பொரிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். என் முறை வருவதற்குள் லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். கடைசிவரை நான் அதில் ஏறவே இல்லை.

அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருஷம் அப்பா இறந்துபோனார். எங்கள் இருவரில் ஒருத்தியைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்ற நிலைமை. “அவ படிக்கட்டும்மா, அவளுக்குத்தான் மூளை” என்று அக்காவே முடிவு சொல்லிவிட்டாள். ரேடியோ கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குத் தானே மனு எழுதிப் போட்டு, தானே இன்டர்வியூவுக்கும் போய் வந்தாள். லிஃப்ட்காரர் நாலை அழுத்தினாராம். அங்கே ஒரு அதிகாரி அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை ஆர்டரோடு சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். அந்தக் காலத்தில் அது ஒரு சின்னப் புத்தகம். மார்க், பிறந்த தேதி, அங்க அடையாளத்துக்கு மச்சம், எல்லாம் அதற்குள்தான். ஒருத்திக்கு ஒன்றுதான்.

திங்கட்கிழமை அவள் போனபோது கேட்டில் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அப்புறம் கேஸ், அரக்கு முத்திரை என்று வருஷங்கள் ஓடின. சிவப்பு விளக்கு ஒரு நாளும் எரியவில்லை. அக்கா சர்ச் நர்சரியில் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை.

எழுபதுகளில், நான் பி.யு.சி. படிக்கும்போது, அக்காவுக்கு ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. வயது வரம்புப்படி அதுதான் கடைசி வருஷம். புதன்கிழமை ஒரிஜினல் புத்தகத்தோடு வர வேண்டும் என்று கார்டு வந்தது. நகலுக்குப் போட்ட மனு எந்த மேஜையில் தூங்கிக்கொண்டிருந்ததோ தெரியவில்லை. கம்பெனிக் கேஸ் முடிந்து முத்திரையை எடுத்துவிட்டார்கள், கட்டடத்தில் ஒரு வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் இருவரும் கிளம்பினோம்.

வாட்ச்மேன் கோவிலம்பாக்கத்துக்காரர், வேலைக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. எந்த ஆபீஸ் எங்கே இருந்தது என்று அவருக்கும் தெரியாது. “இன்னாம்மா, அங்க இன்னா கீதுன்னு போறீங்க? புறாவும் பாம்பும்தான் கீது. வெளிச்சம் இருக்கசொல்ல பாத்துகினு எறங்கிடுங்க” என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே ஈரச் சுவர் வாடை. படிக்கட்டில் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சுவரை ஒட்டி, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ஏறினோம். முதல் மாடியில் சுவிட்சுகளைப் பிடுங்கிய இடத்தில் ஒயர்கள் தொங்கின. இரண்டாவது மாடியில் சுவரில் ஒரு காலண்டர், கதவடைத்த மாசத்திலேயே நின்றிருந்தது. அதை நான் கிழிக்கப் போனேன், அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். ஆயுத பூஜையன்று சந்தனமும் ஊதுவத்தியும் மணந்த கட்டடமா இது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த மாடியில் அக்கா நின்றுவிட்டாள். “இதானே? எனக்கு என்னமோ இதுதான்னு படுது.”

“இது மூணுக்கா. நீ போனது நாலு.”

“கீழேர்ந்து எண்ணினா நாலு வருதேடி.”

“கீழ இருக்கிறது கிரவுண்ட் ஃப்ளோர். அதைப் போய் யாராவது கணக்குல சேர்ப்பாங்களா? ரிக்‌ஷாக்காரங்க மாதிரி எண்ணாதே.”

அவள் அந்த நீண்ட தாழ்வாரத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கடைசியில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. பிறகு, படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது போல, என் பின்னால் ஏறி வந்தாள்.

நாலாவது மாடி முழுக்க ரேடியோப் பெட்டிகள். உள்ளே ஒன்றும் வைக்காத வெறும் மரக்கூடுகள், முகத்தில் துணி கட்டியவை, ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. துணி கிழிந்த பெட்டிகளில் புறாக்கள் முட்டையிட்டிருந்தன. தரையில் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர். பெட்டி பெட்டியாக நகர்த்தி, அறை அறையாகப் பார்த்தோம். ஒரு பீரோ இல்லை, ஒரு காகிதம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பல்லாவரம் மலையும், தாம்பரத்துக்குள் நுழையும் மின்சார ரயிலும் தெரிந்தன. அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, “போதும், வா. கொடுத்து வைக்கலை” என்றாள். எனக்கு அவளைவிடக் கோபம் அதிகமாக வந்தது. அந்த அதிகாரியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இறங்கினேன்.

கீழே வந்ததும் அக்கா வாசல் படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் லிஃப்ட் பக்கம் போனேன். கம்பிக் கதவு பாதி திறந்தபடி அது தரைத்தளத்திலேயே நின்றுபோயிருந்தது. உள்ளே பித்தளைத் தகட்டில் பொத்தான்கள். விரலால் தூசியைத் துடைத்தேன். ஆறு பொத்தான்கள். மேல் பொத்தானில் ஆறு என்ற எண். கீழ்ப் பொத்தானில் ஒன்று.

தரைத்தளம் ஒன்று என்றால் நாலு என்பது அக்கா நின்ற இடம், அந்தப் பாதி திறந்த கதவு. திரும்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு, “நேரமாச்சும்மா” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. தனியாக வந்து எடுத்துப் போய் அவள் கையில் கொடுத்துவிட்டால், நான் தப்பாக எண்ணியது யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா உபவாச ஜெபம் வைத்துவிட்டாள். காணாமல்போன புத்தகத்தைக் கர்த்தர் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று சாயங்காலம் வரை சாப்பிடாமல் மூன்று பேரும் முழங்காலில் நின்றோம். அக்கா சத்தமாக ஜெபித்தாள். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த நான் அவள் பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு ‘ஆமென்’ சொன்னேன்.

திங்கட்கிழமை காலேஜுக்குப் போகாமல் அங்கே ஓடினேன். வாட்ச்மேன் சிரித்தார். “இன்னும் இன்னாம்மா தேடுறே? நேத்து மத்தியானம் பழைய பேப்பர்காரன் ரெண்டு வண்டி இட்டாந்தான். மூட்டை மூட்டையா கட்டிகினு பூட்டான்.”

மூன்றாவது மாடிக்கு எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் பச்சை பீரோக்கள் திறந்து கிடந்தன. கோப்பு கட்டும் நாடாக்கள் தரையெங்கும் சிதறியிருந்தன. ஒரு பீரோவுக்கு அடியில் ஏதோ தெரிய, படுத்துக் கையை விட்டு இழுத்தேன். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். யாரோ ஒரு பெண்ணுடையது. இடது கன்னத்தில் மச்சம் என்று எழுதியிருந்தது. என் அக்காவுக்கு மச்சம் முழங்கையில்.

அதை அந்தப் பெண்ணின் பள்ளிக்கூட விலாசத்துக்குத் தபாலில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. புதன்கிழமை அக்கா நர்சரிக்கே போனாள். அங்கேதான் கடைசி வரைக்கும் இருந்தாள். பயிற்சி முடித்து டீச்சரானவள் நான்.

இன்றைக்கும் உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் அந்தக் கதை எப்படியாவது வந்துவிடும். “நாங்க தேடாத இடம் இல்லை. பாழடைஞ்ச கட்டடம், பிடிச்சுக்கக் கம்பிகூடக் கிடையாது. என் தங்கச்சிதான் ஒவ்வொரு மாடியா எண்ணி எண்ணி என்னைக் கூட்டிட்டுப் போனா” என்று அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே பெருமையாகச் சொல்வாள். நான் காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவேன்.