ஏழாவது வாய்

2009 வரைக்கும் இந்த நாட்டில் வீடு வாங்குவதைப் பற்றி நாங்கள் கதைத்ததே இல்லை. ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு இங்கே எதற்கு வீடு என்றிருந்தோம். ஊரில் போர் முடிந்த அந்த வருடத்தோடு திரும்பிப் போகிற பேச்சு நின்றுபோனது. மூன்று வருடம் கழித்து, ஷ்லீரனில் இருபது வருடமாக இருந்த வாடகை வீட்டை விட்டு, திரிம்பாக்குக்கு மேலே மலைச்சரிவில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். கோயில் கிட்ட என்பது மனைவிக்குச் சந்தோசம். கீழ்த்தளத்தை என் விருப்பப்படி இடித்துத் திருத்தலாம் என்பது எனக்கு.

பழைய இரும்பு ரேடியேட்டர்களைக் கழற்றிவிட்டு நிலச்சூடு போடுவதென்று தீர்மானித்தேன். சீமெந்துத் தளத்துக்குள் மெல்லிய குழாய்கள் சுருள் சுருளாக ஓடும், அவற்றுக்குள் சுடுநீர் சுற்றிவரும். அந்தச் சுடுநீரை அறை அறையாகப் பிரித்து அனுப்புகிற குழாய்த்தொகுதி சுவரில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். இங்கே அதை ஃபெர்டைலர் என்பார்கள். அதில் எத்தனை வாய் இருக்கிறதோ அத்தனை சுற்றுத்தான் வீட்டுக்குள் ஓடும்.

நான் தொழிற்சாலையில் இயந்திரங்கள் திருத்துகிறவன். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்ற எண்ணம் இருந்தது. இரண்டு கிழமையாகக் குசினி மேசை நிறைய விளம்பரத் தாள்களைப் பரப்பி வைத்து, பிளாஸ்டிக்கா பித்தளையா எவர்சில்வரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எவர்சில்வரில் ஒன்றைத் தெரிவு செய்தேன். ஒவ்வொரு வாயிலும் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சிவப்புக் குறி. எந்தச் சுற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதென்று அதைப் பார்த்தே சொல்லலாம். பார்க்க அழகாகவும் இருந்தது.

வேலை செய்ய வந்தவர் எங்கட ஆள்தான். என்னைவிடப் பத்து வயது இளையவர், குழாய் பொருத்தும் கம்பனி ஒன்றில் மேற்பார்வையாளர். ஒரு சனிக்கிழமை அளவுநாடாவோடு வந்து எல்லா அறைகளையும் அளந்தார்.

"அண்ணை, எவர்சில்வரோ பித்தளையோ எண்டது பெரிய விசயமில்லை. எத்தினை வாய் எண்டதைத்தான் முதல்ல யோசிக்கோணும். ஏழு போடுவம்."

"ஆறு காணும் தம்பி."

"அப்ப அந்தக் கடைசிச் சின்ன அறை?"

"அது சாமான் அறை. கொரிடோருக்குப் போற சுற்றை நீட்டி அதுக்குள்ளயும் ஓடவிடும்."

"சுற்று நீண்டுபோகும் அண்ணை. அங்க போய்ச் சேரேக்கை தண்ணி ஆறிப்போயிடும். சீமெந்து ஊத்தினாப் பிறகு ஒண்டும் செய்யேலாது."

கொரிடோர்ச் சுவரில் பழைய அலுமாரி இருந்த ஒரு பள்ளம் இருந்தது. ஆறு வாய்ப் பெட்டி அதற்குள் அச்சொட்டாகப் பொருந்தும். ஒரு வாய் கூடினால் பெட்டி ஐந்து சென்டிமீட்டர் அகலும், சுவரை வெட்ட வேண்டும். எனக்கு அந்தப் பெட்டி சுவரோடு சுவராக மூடியிருக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றுமில்லை.

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி கேட்டாள்: "இஞ்சேருங்கோ, அவர் சொல்லுற மாதிரி ஏழைப் போட்டா என்ன?"

"அந்த அறையில ஆர் படுக்கப்போறது?" என்றேன்.

அவள் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

முதல் மூன்று மாரிக் குளிர்காலமும் நல்லாகத்தான் போயின. வெளியே பனிப்புகார் மூடிக் கிடக்கும், உள்ளே வெறுங்காலோடு நடப்போம். மனைவி ஒரு வயோதிபர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்தாள். வந்ததும் குசினி நிலத்தில் காலை நீட்டி இருந்துகொண்டுதான் மரக்கறி வெட்டுவாள். நாலாவது வருடம் அவளுக்கு வயிறு ஊதத் தொடங்கியது. சூலகத்தில் புற்றுநோய் என்றார்கள். சத்திரசிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.

மூன்றாவது தரம் மருந்து ஏற்றி வந்தபோது அவளால் படி ஏற முடியவில்லை. படுக்கையறைகள் எல்லாம் மேலே. கீழே ஹோலும் குசினியும் ஒன்றாகத் திறந்து கிடந்தன. சமையல் மணம் பட்டாலே சத்தியெடுத்தாள். கீழ்த்தளத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கக்கூடிய அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாமான்களை வெளியே எடுத்துவிட்டு அந்தச் சின்ன அறையில் கட்டிலைப் போட்டோம்.

நவம்பர் மாதம். இரண்டு கிழமையாக வெயிலே இல்லை. அறையில் பதினேழு பாகைக்கு மேல் ஏறவில்லை. கொரிடோர்ச் சுற்றை முழுக்கத் திறந்தேன். மற்றவற்றை இறுக்கினேன். தண்ணீரின் வெப்பத்தைக் கூட்டினேன். கொரிடோரில் கால் வைக்க ஏலாமல் நிலம் சுட்டது, சின்ன அறை அப்படியே இருந்தது. அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்து சிவப்புக் குறியைக் கனநேரம் பார்த்தார்.

"இதுக்கு மேல திறக்கேலாது அண்ணை."

அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மின்சார ரேடியேட்டர் ஒன்று வாங்கி வைத்தேன். அது காற்றை வறட்டியது. வாயெல்லாம் புண்ணாக இருந்த அவள் அதை நிற்பாட்டச் சொன்னாள். பிறகு வெந்நீர்ப் பை. பின்னேரங்களில் ஒன்றை நிரப்பித் துணி சுற்றிக் காலடியில் வைப்பேன். ஒருநாள் துணியைத் தேட நேரமில்லாமல் அப்படியே வைத்துவிட்டேன். அவளுக்கு ஏற்றிய மருந்து பாதங்களை மரத்துப்போகச் செய்யும். சுட்டது அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்தநாள் காலை, வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி போர்வையை விலக்கினார். இடது குதிக்காலில் ஒரு முட்டை அளவுக்குக் கொப்புளம்.

"இதை யார் வைத்தது?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"நான்" என்றேன்.

அவர் ஏசவில்லை. கொப்பியில் எழுதினார். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நோகேல்லையப்பா, உண்மையா நோகேல்லை" என்றாள்.

புண்ணில் கிருமி பிடித்தது. மருந்து ஏற்றுவதை மூன்று கிழமை தள்ளிப்போட்டார்கள். தையில் வயிற்றில் திரும்பவும் தண்ணீர் கட்டியது. பங்குனியில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அந்த மூன்று கிழமையால் ஏதாவது மாறியதா என்று டொக்டரிடம் கேட்டேன். இல்லை என்று உடனே சொன்னார். ஏன் அவ்வளவு கெதியாகச் சொன்னார் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, வந்த சனம் போன பிறகு, அந்தத் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். சின்ன அறையின் நிலத்தை உடைக்க வேண்டும், தனிச் சுற்று இழுக்க வேண்டும், ஏழு வாயுள்ளதாகப் போட வேண்டும் என்றேன். "சரி அண்ணை, வாறன்" என்றார்.

என் மகள் சோலோதுர்னில் ஆசிரியையாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தபோது அறை முழுக்க உடைந்த சீமெந்து. தாயின் கட்டில் கொரிடோரில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

"ஆருக்கப்பா இது?"

"அறை குளிருது."

"அம்மா இருக்கேக்கையும் குளிர்ந்தது." அவள் மேலங்கியைக் கழற்றவே இல்லை. "எலும்புக்குள்ள குளிருது எண்டு எனக்குச் சொன்னவ. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டும் சொன்னவ. அப்பா ஆசையாச் செய்த வேலை, கேட்டாத் தாங்கமாட்டார் எண்டு."

நான் குனிந்து ஒரு சீமெந்துக் கட்டியை எடுத்து ஓரமாகப் போட்டேன். பிறகு சொன்னேன்: "அவ ஏழு போடச் சொல்லிக் கேட்டவ. நான்தான் வேண்டாம் எண்டனான்."

அது அவளுக்குத் தெரியாது. தாய் அதைச் சொல்லவில்லை. அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். சாப்பிடாமலே அடுத்த ரயிலில் போய்விட்டாள்.

வேலை ஒரு கிழமையில் முடிந்தது. சுவரை வெட்டி அகலமான பெட்டி வைத்தார்கள். மாரி வந்தபோது அறை இருபத்தொரு பாகைக்குச் சுகமாக ஏறியது. நான் உள்ளே போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வெளியே வந்தேன். அவ்வளவு சுலபமான காரியம் அது என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மகள் பத்து மாதம் வரவில்லை. மாதத்துக்கு ஒருதரம் தொலைபேசியில் சுகம் விசாரித்தாள், நானும் விசாரித்தேன். ஆண்டுத் திவசத்துக்கு முதல்நாள் இரண்டு பை மரக்கறியோடு வந்து நின்றாள். இருவருமாகச் சமைத்தோம். உப்புக் காணுமோ என்று கேட்டாள், ஓம் என்றேன். இப்போது ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் வருகிறாள், மேலே தன் பழைய அறையில் படுக்கிறாள். கீழே அந்தக் கதவை அவள் இன்றுவரை திறந்ததில்லை. நானும் திறந்து பார் என்று சொன்னதில்லை.