அண்ணன் கேட்ட இரண்டாவது டிஸ்க்

ஹார்ட் டிஸ்க் எட்டு டி.பி. போதுமா, பதினாறு வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. கோதண்டம் அண்ணன் போய்விட்டார். நான் "பதினாறு" என்றேன். உடனே "வேண்டாம்" என்றேன். எதையும் வாங்காமல் எப்படி ராயபுரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

அண்ணன் கல்யாண வீடியோ எடுப்பார், நான் எடிட் செய்வேன். அவர் எதையும் அழிக்கமாட்டார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் சாவு விழுந்தால், பேனரில் போட ஒரு நல்ல முகம் தேடி எங்களிடம்தானே வருவீர்கள்? ஏழு பழைய டிஸ்க்குகள் நிரம்பிவிட்டன; ஒன்று டிக் டிக்கென்று சத்தம் வேறு போட ஆரம்பித்தது. எல்லாவற்றையும் பெரிதாக ஒன்றில் போட்டுவிடலாம் என்றேன். கேட்டால்தானே!

"அது புட்டுகிச்சுன்னா இன்னா பண்ணுவ? ரெண்டு வாங்கு. ஒண்ணு இங்க கெடக்கட்டும், இன்னொண்ண வேற வூட்ல வையி."

"வேற வூட்டுக்கு எங்கண்ணா போறது?"

"விம்கோ நகர்ல உங்கப்பா வூடு இன்னா ஆச்சு?"

அப்பா என் கல்யாணத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து அந்த வாசலை நான் மிதிக்கவில்லை. டிஸ்க் பேச்சை எடுத்தாலே அண்ணன் அங்கே போய் நிற்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எதை வாங்குவதென்று முடிவே ஆகாமல் மாதங்கள் ஓடின.

இப்போது அவருக்கே பேனர். அண்ணி படம் கேட்டார். எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றவரின் படத்துக்கு எங்கே போவேன்? ஃபோல்டர்களுக்குப் பெண், மாப்பிள்ளை பெயரையா வைத்திருக்கிறார் மனுஷன்? "தாய்மாமன் கோச்சிகினாரு", "பிரியாணி பத்தல", "மழைல மேளம்". தலை சுற்றியது. கடைசியில், அந்த டிக் டிக் டிஸ்க்கில் இருந்தது ஒன்று: "ஸ்டீபன் அழுதான்".

ஸ்டீபன் நான்தான். வெட்கத்தில் இதுவரை நான் பார்க்காத என் கல்யாண வீடியோ. மாதா கோயில் வாசலில் நின்று, அப்பா வருவாரா என்று தெருவைப் பார்த்துப் பார்த்து அழுகிறேன். கேமராவை நிறுத்தாமலே நாற்காலியில் வைத்துவிட்டு, பன்னீர் சோடாவோடு அண்ணன் என்னிடம் வருகிறார்.

"குடி நைனா. வருவாரு. வரலன்னா நீ போ."

அந்தப் படம்தான் பேனரில் போட்டது. கையில் எதற்கு சோடா என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

ஞாபகத்துக்குக் கேமராவை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணி. வேண்டாம் என்றேன். "நீ போ" என்றாரே, எனக்கு அது போதும். மறுவாரம் டிஸ்க் வாங்கினேன். எட்டா பதினாறா என்பதில் கடைசிவரை குழப்பம்தான். இரண்டு என்பதில் இல்லை.

விம்கோ நகரில் அப்பா கதவைத் திறந்தார். ஒரு டிஸ்க்கை நீட்டினேன்.

"இன்னாடா இது?"

"என் கல்யாணம்ப்பா. உங்க வூட்ல வைக்கச் சொன்னாரு கோதண்டம் அண்ணன்."

அப்பா பீரோ சாவியைத் தேடினார்.