டயரில் ஒட்டியிருந்த எலுமிச்சைத் தோல்

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, இவ்வூரில் பெயர்தான் சொத்து. என்னுடைய அம்பாசிடர் காரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருக்கிறேன். அதன்மீது ஒரு வழக்கும் கிடையாது. அதை ஓட்டிய எவரும் காவல் நிலையப் படி ஏறியதில்லை. சென்ற ஆண்டு வேங்கிக்கால் சாலையிலுள்ள பட்டறையில் என்ஜினைப் பிரித்துச் சரிசெய்யக் கொடுத்திருந்தேன். அது வீடு திரும்பியபோது, முன்சக்கர டயரின் இடுக்கில் காய்ந்த எலுமிச்சைத் தோல் ஒட்டியிருந்தது. பானெட்டின் ஓரத்தில் குங்குமக் கறை. பம்பரோ கழுவித் துடைக்கப்பட்டுப் பளபளத்தது. அந்த மெக்கானிக் எந்த வண்டியையும் கழுவித் தரும் வழக்கமுடையவர் அல்லர்.

புது வண்டி என்றால் சக்கரத்தில் பழம் நசுக்குவது இயல்பு. ஆயுத பூஜையும் அமாவாசையும் இல்லாத நாளில் பழைய வண்டிக்கு நசுக்கினால், அது யாரையோ இடித்திருக்கிறது என்றே பொருள்.

எங்கே ஓட்டிப் பார்த்தார் என்று தொலைபேசியில் கேட்டேன். செங்கம் சாலையில் ஆசிரமம் வரை போனதாகச் சொன்னார். நாள் முழுவதும் கிரிவலம் செல்வோர் நடக்கும் சாலை அது. வேறு ஏதேனும் நடந்ததா என்றதற்கு, ஒன்றுமில்லை என்று அவசரமாக முடித்துக்கொண்டார். பூதக்கண்ணாடி கொண்டு பம்பரை ஆராய்ந்தேன். நாளிதழின் மாவட்டப் பக்கத்தை மூன்று நாள் வரி விடாமல் படித்தேன். ஒன்றும் அகப்படவில்லை, அதனாலேயே ஐயம் வலுத்தது. காலை நடையில் உடன்வரும் ஓய்வுபெற்ற தாசில்தாரிடம், வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடு சொன்னேன். அவரும் தம் பழைய ஜீப்பை அதே பட்டறையில்தான் விட்டிருந்தார்.

இரண்டாம் நாள் மெக்கானிக் என் வீட்டு வாசலில் நின்றார்.

"தாசில்தார் சார் ஜீப்ப எடுத்துட்டுப் போய்ட்டாருங்க. நான் யாரையோ இடிச்சிட்டேன்னு பேச்சு. நீங்க சொன்னீங்களா சார்?"

நான் எலுமிச்சைத் தோலைப் பற்றிக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"என்ஜின் மாட்டி மூணு நாளு ஸ்டார்ட்டே ஆவலங்க. கண்ணு பட்டிருக்கும்னு வூட்ல சொன்னா. சுத்திப் போட்டு, நாலு பேரு தள்ளித்தான் பழத்த நசுக்கினோம். நீங்க படிச்சவரு, சிரிப்பீங்கன்னு கழுவி வுட்டேன்."

"நசுக்கினதும் ஸ்டார்ட் ஆயிடுச்சா?"

"எங்கங்க? மறுநாள் பாயிண்ட மாத்தினேன், ஆச்சு."

அப்போதும் நான் முழுவதாக நம்பவில்லை. அவருடனேயே பட்டறைக்குச் சென்று, கழற்றிய பழைய பாயிண்டை, பிளக்குக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் அந்தச் சிறு தொடுமுனையை, வாங்கிப் பார்த்தேன். அதன் முனை கருகிப் பள்ளம் விழுந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு பிளக்கில் தீப்பொறி எழ வாய்ப்பே இல்லை.

மறுநாள் நடையில், நான் கூறியது தவறு என்று தாசில்தாரிடம் சொன்னேன். என் வாழ்நாளில் அத்தகைய சொற்களை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை.

அவர் நடையைக் குறைக்காமலே கேட்டார்: "நல்லா விசாரிச்சீங்களா, இல்ல அவன் சொன்னத நம்பிட்டீங்களா?"

பாயிண்டைப் பற்றி விளக்கினேன். எந்த வண்டியிலிருந்தும் ஒரு பழைய பாயிண்டை எடுத்துக் காட்டலாமே என்றார். முதலில் நான் குற்றம் சொன்னபோது அவர் எந்தச் சான்றும் கேட்கவில்லை. அவருடைய ஜீப் இன்றும் வேறொரு பட்டறைக்குத்தான் போகிறது. நாங்கள் இப்போதும் சேர்ந்தே நடக்கிறோம். வண்டிகளைப் பற்றிப் பேசுவதில்லை.