மூன்று மூச்சுக் குலவை

அல்ஜீரிய எல்லையை ஒட்டிய ஊஜ்தா நகரில் ஒரு பெண் நடுத்தெருவில் நின்று காப்பாற்றச் சொல்லிக் கத்தினால் ஜன்னல்கள் மூடிக்கொள்ளும். அவனவன் பிழைப்பு அவனவனுக்கு. அதே பெண் குலவை போட்டால் அத்தனை ஜன்னலும் திறக்கும். யார் வீட்டில் கல்யாணம், நம்மை ஏன் அழைக்கவில்லை என்று எட்டிப் பார்க்காவிட்டால் அந்த ஊர்ப் பெண்களுக்குத் தொண்டையில் ரொட்டி இறங்காது. இதைக் கண்டுபிடித்தவள் யம்னா. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்.

பாப் சீதி அப்துல் வஹாப் கோட்டை வாசலுக்கு வெளியே காகிதக் கைக்குட்டை விற்றுக்கொண்டிருந்தாள். பழைய சாமான் கடைக்காரன் ஒருவன் அவளைச் சுவரோரம் மடக்கி மணிக்கட்டைப் பிடித்தான். கத்த வாயைத் திறந்தவள், கத்திப் பலனில்லை என்று தெரிந்து, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். மேலே சடசடவென்று ஜன்னல் பலகைகள் திறந்தன.

"யாருக்குடி கல்யாணம்?" என்றாள் மாடியிலிருந்து ஒருத்தி.

"இவருக்குத்தான் லல்லா. என் கையப் பிடிச்சிட்டாரு," என்றாள் யம்னா, பெரிய பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு.

தெருவே சிரித்தது. அவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

அவளோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஹத்தூம் அவித்த முட்டை விற்பாள். ஃபத்னா எதையும் விற்க மாட்டாள். கேட்பாள், கொடுக்காதவனைத் திட்டுவாள். யார் எப்படித் தெருவுக்கு வந்தார்கள் என்று அவர்கள் பேசிக்கொண்டதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது? பஸ் நிலையத்துக்குப் பின்னால் அட்டைகளை விரித்து மூவரும் சேர்ந்தே படுப்பார்கள். குலவையையும் சேர்ந்தே போடப் பழகினார்கள். யம்னாவின் மூச்சு முடிகிற இடத்தில் ஹத்தூம் எடுப்பாள், ஹத்தூம் முடிக்குமுன் ஃபத்னா, மறுபடியும் யம்னா. இடையில் ஊசி நுழைய இடம் இருக்காது. வம்புக்கு வந்தவன் எத்தனை பேர் என்று தெரியாமலே ஓடுவான்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. கல்யாண வீடுகளில் மேளம் தட்டிப் பாடும் பெண்கள் குழு ஒன்றுக்குத் தலைவி ஜூலிகா. வாய் பெரியது, கை அதைவிடப் பெரியது. கல்யாணமாகாத பாட்டுக்காரிகள் தங்க அவள் வீட்டு மொட்டைமாடியில் ஓர் அறை உண்டு. அதன் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. யம்னாவுக்கு அந்தத் தாழ்ப்பாள்மேல்தான் ஆசை. ஜூலிகா ஒருநாள் சந்தையில் அவள் குரலைக் கேட்டுவிட்டு நேரே வந்து, நீ மட்டும் வா என்றாள்.

"மூணு பேரும்னா வரேன்."

"நான் பாட்டுக்காரிடி. அநாதை மடம் நடத்தல."

கல்யாண வீட்டில் ஒரு கரண்டி தொலைந்தால்கூடத் தெருப்பெண்கள் தலையில்தான் விழும், தன் பெயர் கெடும் என்பது ஜூலிகாவின் கணக்கு. அவளும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் குளிர்காலம் யார் நியாயத்தையும் கேட்காதே. ஹத்தூமுக்கு இருமல் பிடித்தது. நீயாவது போய்த் தொலை என்று ஃபத்னா யம்னாவைத் திட்டினாள். யம்னா போகவில்லை.

குளிர் விடுகிற சமயத்தில் ஜூலிகாவே திரும்பி வந்தாள். குழுவில் குலவை போடுகிறவளுக்குக் கடைவாய்ப் பல் வீங்கி முகம் பூசணிக்காயாகிவிட்டதாம். ஒருநாள் வேலை, ஆனால் எல்லையோரக் கல்யாணம். மற்ற இருவரும் கூட வந்தால் வருகிறேன் என்றாள் யம்னா.

"மேளத்தோட மேளமா வண்டியில கெடக்கட்டும். வாயத் தொறக்கக் கூடாது."

மணப்பெண் இல்ஹாமின் தகப்பன் ஊஜ்தாக்காரன், தாய் அல்ஜீரியப் பக்கத்து மக்னியாக்காரி. தாய் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் இரு நாட்டாரும் எல்லைப் பாதையை மூடினார்கள், போனவள் போனவள்தான். அப்படிப்பட்ட வீடுகளில் மணப்பெண்ணின் வண்டி எல்லையாக ஓடும் ஓடையின் கரையில் நின்று போகும். இந்தக் கரையில் குலவை போட வேண்டும், அந்தக் கரையிலிருந்து பதில் குலவை வர வேண்டும், அதன் பிறகுதான் பெண் புருஷன் வீட்டுக்குப் போவாள். போனில் பேசக்கூடாதா என்று கேட்கிறவன் அந்த ஊர்க்காரனாக இருக்க முடியாது. போனில் வருகிற குலவையை யார் குலவையாக எடுத்துக்கொள்வார்கள்? போதாததற்குத் தாயின் கண்களில் புரை விழுந்திருந்தது. மகளைப் பார்க்க வழியில்லை. காதால் கேட்டால்தான் உண்டு.

வண்டிகள் கரையில் நின்றன. வேலி, அதற்குக் கீழே ஓடை, மறுபடியும் வேலி. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அதில் வெள்ளைப் போர்வையில் ஓர் உருவம், சுற்றிலும் நாலைந்து பேர். காவல்காரன் மேளம் கூடாது என்று சொல்லிவிட்டான். காற்று வேறு கிழக்கிலிருந்து முகத்தில் அடித்தது.

யம்னா குலவை போட்டாள். நன்றாகத்தான் எழும்பியது. மூச்சு முடிந்த இடத்தில் அறுந்தது, அறுந்ததைக் காற்று தின்றது. அந்தக் கரையில் ஒருவர் காதருகே கையை வைத்து இல்லை என்று ஆட்டினார். மறுபடியும் போட்டாள். மறுபடியும் அதே கை ஆடியது.

அம்மா கேட்காமல் வண்டியில் ஏறமாட்டேன் என்று இல்ஹாம் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். ஜூலிகா யம்னாவின் தோளைக் கிள்ளினாள்.

"ஏண்டி நடுவுல நிறுத்துற?"

"நிறுத்தல லல்லா. அந்த எடத்துல ஹத்தூம் எடுப்பா."

ஜூலிகா மேள வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். எலுமிச்சையைக் கடித்த முகம்.

"கூப்பிடு."

"கூப்பிட்டா இன்னிக்கு மட்டும் இல்ல. மூணு பேரும் உங்க வீட்டுக்கு."

"கல்யாணத்துக்கு நடுவுல பேரம் பேசுறியா?"

"வேற எப்ப பேசினா நீங்க கேட்டீங்க?"

ஜூலிகா கரைப்பக்கம் திரும்பினாள். மணப்பெண்ணைப் பார்த்தாள், அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"மெத்தை ஒண்ணுதான் இருக்கு," என்றாள்.

"அட்டையிலயே மூணு பேரு படுத்தவங்க நாங்க."

இருவரும் வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தார்கள். ஹத்தூம் ஓர் இருமல் இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். யம்னா எடுத்தாள், ஹத்தூம் வாங்கினாள், ஃபத்னா வாங்கினாள், திரும்ப யம்னாவிடம் வந்தது. அறுக்க ஓர் இடம் கிடைக்காமல் காற்றும் களைத்திருக்க வேண்டும். காவல்காரன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாய் பிளந்து நின்றான். குழுப் பெண்கள் தங்கள் வேலையை மறந்தார்கள். யம்னாவும் மற்ற இருவரும் நிறுத்தவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, சுற்று மாற்றிச் சுற்று போய்க்கொண்டே இருந்தது.

அந்தக் கரையில் வெள்ளைப் போர்வை நாற்காலியிலிருந்து எழுந்தது.

பதில் வந்தது. மெலிந்த குரல், ஒற்றை மூச்சு. அதுவரை எதிராக நின்ற காற்று அதை அப்படியே தூக்கிக் கொண்டுவந்து இல்ஹாமின் காதில் போட்டது. அவள் அழுதுகொண்டே எழுந்து, மண்ணைத் தட்டி, வண்டியில் ஏறினாள்.

ஊர் திரும்பும்போது ஃபத்னா பழக்கதோஷத்தில் மேளங்களுக்கு நடுவே ஏறப் போனாள். யம்னா அவளைப் பின்னங்கழுத்தில் பிடித்து இழுத்து, பாட்டுக்காரிகளின் வண்டிக் கதவைத் திறந்தாள். ஜன்னலோரம் ஜூலிகா பரந்து உட்கார்ந்திருந்தாள்.

"தள்ளி உக்காருங்க லல்லா. மூணு பேரு ஏறணும்."

ஜூலிகா பாவாடையைச் சேர்த்து இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.