மேற்கு ஊருக்கு வராத விமானம்

ஆக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தொகுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நானும் மனைவியும் சுஷி வாங்க வரிசையில் நின்றிருந்தோம். எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பெண் என்னைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"மர்காஷ்?" என்றாள்.

மங்கோலிய மொழியில் அதற்கு 'நாளை' என்று பொருள். காது சூடேறியது. எந்த ஊரில் என்னை அப்படிக் கூப்பிட்டார்கள் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"யாருங்க அது? உங்களைத் தெரியுமா?" என்றாள் மனைவி.

"முன்னாடி வேலை பார்த்த இடத்துல" என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பெண் சிரித்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள். "அம்மா இப்ப இங்கதான் இருக்காங்க, என் குழந்தையைப் பார்க்க வந்திருக்காங்க. மாசிங்கற பகுதியில வீடு. நீங்க கண்டிப்பா வரணும்." பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. என் மனைவி தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டாள்.

ஆக்லாந்துக்கு நான் வந்தது மனைவியின் நர்ஸ் வேலையைப் பிடித்துக்கொண்டு. இங்கே விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் பெட்டிகள் ஓடும் பெல்ட்டுகளைப் பழுது பார்க்கிறேன். அதற்கு முன்னால் விமான மெக்கானிக். மங்கோலியாவில் ஒரு சின்ன விமான நிறுவனத்தில் சில வருடங்கள் இருந்தேன் என்று சொன்னால் இங்கே விருந்துகளில் எல்லோரும் ஆர்வமாகத் திரும்புவார்கள். குளிரைப் பற்றிச் சொல்வேன், குதிரைப் பாலைப் பற்றிச் சொல்வேன். நிறுவனம் எப்படி முடிந்தது என்பதற்கு முன்னால் பேச்சை மாற்றிவிடுவேன்.

மேற்கே ஒரு மாகாண ஊர். தலைநகரிலிருந்து எங்கள் விமானம் வாரத்தில் சில நாட்கள் அங்கே வரும். குளிர்காலத்தில் நின்ற எஞ்சினைக் காலையில் சும்மா முடுக்க முடியாது; சூடான காற்றைக் குழாய் வழியாக ஊதி இளக்க வேண்டும். அதற்காகவே அந்தக் குளிர்காலம் என்னை அங்கே தங்க வைத்திருந்தார்கள். ஒரு நாள் காலை, பயணிகள் எல்லாம், அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் உட்பட, மூட்டைகளோடு வந்து காத்திருந்தும் விமானம் வரவில்லை. அந்த ஊர் மேனேஜர் பின்வாசல் வழியாகக் கிளம்பிப் போய்விட்டார். கம்பெனிச் சட்டையோடு மிஞ்சியது நான் ஒருவன்தான்.

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "சின்னக் கோளாறு. நாளைக்கு வந்துரும், சொல்லிடு" என்றார்கள். நம்பினேன். எனக்குத் தெரிந்த கொஞ்சம் மங்கோலிய வார்த்தைகளில் அதுவும் ஒன்று. "மர்காஷ்" என்று சொன்னேன். வெளிநாட்டுக்காரன், எஞ்சினைத் தொடுகிறவன், இவனுக்குத் தெரியாமல் இருக்குமா என்று அவர்களும் நம்பினார்கள். மறுநாளும் போன் போட்டேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் என்னைக் கண்டதும் வாசலில் நின்ற பையன்கள் "மர்காஷ் வர்றான்" என்று கத்தினார்கள். அன்றைக்குத்தான் சந்தேகம் வந்து, அலுவலகத்தை விட்டுவிட்டு, தலைநகரில் விமானம் நிறுத்தும் ஹேங்கரில் இருந்த சக மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டேன்.

"எந்த விமானம்? குத்தகைக்கு விட்டவங்க, பாக்கி கட்டலைன்னு பேப்பரோட வந்து ஓட்டிட்டுப் போயிட்டாங்களே" என்றான்.

"எப்போ?"

"நீ முதல்ல போன் போட்டியே, அதுக்கு முந்தின நாள்."

வெளியே வந்து, "விமானம் இல்லை" என்று சொன்னேன். சிலர் திட்டினார்கள். பலர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேன் தேடிப் போனார்கள். பனியில் தலைநகருக்கு இரண்டு நாள் சாலை.

மாசிக்குப் போக வேண்டாம் என்று எத்தனையோ காரணம் சொன்னேன். "கூப்பிட்டிருக்காங்க. போகலைன்னா என்ன நினைப்பாங்க?" என்றாள் மனைவி. போனோம்.

புது வரிசை வீடுகளில் ஒன்று. அந்த அம்மா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கத் தலையை முழுதாக ஒரு பக்கம் திருப்பினாள். உப்புப் போட்ட பால் டீ வந்தது. அவள் கேட்பதை மகள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் பதில் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "நம்ம விமானமெல்லாம் என்ன ஆச்சு?"

நம்ம விமானம். அந்தச் சொல்லே குத்தியது. ஆனாலும் சொன்னேன். சுரங்கங்களுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர்தான் முதலாளி. முதலில் வாங்கியது இரட்டை இறக்கை வைத்த இரண்டு பழைய விமானங்கள், புல்வெளியிலேயே இறங்கும். அப்புறம் வட ஐரோப்பாவில் ஓடித் தேய்ந்த, முப்பது சொச்சம் பேர் உட்காரும், எஞ்சின் முன்னால் காற்றாடி சுழலும் விமானம் ஒன்று. சீட் பெல்ட் அறிவிப்புகூட யாருக்கும் புரியாத மொழியில் இருந்தது, யாரும் மாற்றவில்லை. வாலில் குதிரை வரைந்தார்கள். அதே மாதிரி இன்னொன்றைக் குத்தகைக்கு எடுத்தபோதுதான் நான் சேர்ந்தேன். இரட்டை இறக்கை விமானங்களை விற்றுவிட்டார்கள். கடைசியில், சொந்த விமானத்தின் காற்றாடியைப் பழுதுக்கு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, குத்தகை விமானம் ஒன்றை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தோம். அதைப் பிடுங்கியதும் மிஞ்சியது காற்றாடி இல்லாமல் ஹேங்கரில் நின்ற ஒன்றுதான். அதையும் பிரித்து விற்றிருப்பார்கள்.

அந்த அம்மாவின் முகம் விரிந்தது. "இரட்டை இறக்கையில நான் போயிருக்கேன்! பக்கத்துல ஒரு ஆள் மடியில ஆட்டுக்குட்டி. இறங்குற வரைக்கும் கத்திக்கிட்டே வந்துச்சு."

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் மகள் கோப்பைகளை எடுத்துக்கொண்டே, "அன்னைக்கு அம்மாவை ஏன் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல?" என்றாள். கோபமே இல்லாத குரல். "கண்ணுல விழித்திரை விலகிடுச்சுன்னு ஊர் டாக்டர் சொன்னாரு. தலைநகர்லதான் ஆபரேஷன். நாங்க போய்ச் சேர்ந்தப்போ அந்தக் கண்ணு போயிடுச்சு."

அம்மா என்னவோ அதட்டினாள். இதெல்லாம் எதற்கு என்பதுபோல. பிறகு என்னிடமே நேராக ஒரு வாக்கியம் சொன்னாள். மகள் தயங்கினாள். நான் கேட்டதால் சொன்னாள்.

"முதல் நாளே, 'எனக்குத் தெரியாது'ன்னு நீங்க சொல்லியிருந்தா, நாங்க அன்னைக்கே வேன்ல ஏறியிருப்போம்னு சொல்றாங்க."

நான் ஏமாற்றவில்லை, என்னையும்தான் ஏமாற்றினார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய தலை இன்னும் என் பக்கம் முழுதாகத் திரும்பியிருந்தது. "மன்னிச்சிடுங்க" என்றேன். மகள் அதை மொழிபெயர்த்தாளா என்று தெரியாது. அம்மா என் கோப்பையை எட்டி வாங்கி மறுபடி டீ ஊற்றினாள். குடித்தேன்.

திரும்பும்போது மோட்டார்வேயில் ஏறினோம். பிறகு மனைவியிடம் கேட்டேன். இல்லை என்று சொல்வாள் என்ற ஆசையில்தான் கேட்டேன்.

"விழித்திரை விலகினா, ரெண்டு மூணு நாள்ல பெரிய வித்தியாசம் இருக்குமா?"

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சில பேருக்கு இருக்கும்ங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "பல பேருக்கு இருக்கும்" என்றாள்.

அந்த அம்மா ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாள். மகளும் என் மனைவியும் இப்போது நல்ல சிநேகிதம். குழந்தைக்குச் சட்டை எடுக்க ஒன்றாகப் போகிறார்கள். கடைத்தொகுதிக்குப் போனால் நான் காரிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். பார்க்கிங் கிடைப்பது கஷ்டம், நீ போய் வாங்கிட்டு வா என்கிறேன். ஏன் என்று அவள் கேட்பதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சுஷி வாங்கிக்கொண்டு வருகிறாள்.