அப்பாவின் குணத்தை நான் எழுதிய நாள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் லேசில் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு பாதி தூரம் வந்துவிடக் கூடாது.

புதுச்சேரியில் கொடி மாறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பிரெவே என்ற பரீட்சை பாஸ் செய்தவள். ஆட்சி மாறியதும் அந்தச் சான்றிதழை எந்த ஆபீசில் நீட்டினாலும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். சரி போ என்று இங்கிலீஷும் டைப்பும் கற்றுக்கொண்டு, மெட்ராஸில் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டேன். அப்பாவைக் கேட்கவில்லை. இடம் கிடைத்துவிட்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டு அப்பா தறி ஓட்டிய ஆலை வாசலுக்கே ஓடினேன். சங்கு ஊதி ஷிப்டு மாறுகிற நேரம்.

"யாரக் கேட்டு எழுதிப் போட்ட?" என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "யாரக் கேக்கணும்?" என்றேன். ஒரு ஷிப்டு ஆட்கள் அத்தனை பேரும் பார்க்கக் கன்னத்தில் ஒன்று விட்டார். அத்தோடு மெட்ராஸ் போயிற்று. அதே ஆலையின் தொழிலாளர் ஆபீசில் வீட்டார் எனக்குக் கிளார்க் வேலை வாங்கிக் கொடுத்தார்கள். அப்பாவோடு பேச்சு, "சோறு போடவா?", "போடு" என்பதோடு நின்றது. அடித்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

மறு வருஷம் தறிப் பகுதிக்கு ஒரு மேஸ்திரி வேண்டியிருந்தது. முன்பெல்லாம் மானேஜர் கை காட்டுகிற ஆள்தான் மேஸ்திரி. அதில் சண்டை சச்சரவு வந்ததால், இந்தத் தடவை மனோதத்துவம் படித்த ஒருவரை மெட்ராஸிலிருந்து வரவழைத்தார்கள். ஆலைக்காரர்கள் அவருக்கு மனசு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர் அந்த வேலைக்கு நின்றார்கள். அப்பாவும் ஒருவர். இருபது வருஷப் பஞ்சுத் தூசியில் அவருக்கு நெஞ்சு கெட்டிருந்தது. இருமினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேஸ்திரி ஆனால் தறியை விட்டுத் தள்ளி நிற்கலாம், ஆகாவிட்டால் ஆள் தேறமாட்டார் என்று அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மனசு டாக்டரிடம் இங்கிலீஷில் அறுபது கேள்விகள் இருந்தன. தமிழில் எழுதிக் கொடுக்கிற வேலை எனக்கு. 'பலர் கூடும் இடத்துக்குப் போக ஆசைப்படுவீர்களா?', 'இரவில் படுத்ததும் தூக்கம் வருமா?' என்று போகும் அந்தப் பட்டியல். அவர் நல்ல மனிதர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். பழைய காலத்தில் உடம்பில் ஓடும் நாலு திரவங்களை வைத்துக் குணத்தைச் சொன்னார்களாம். நம் ஊர் வைத்தியர் வாதம், பித்தம் என்று சொல்லாததா என்று நினைத்துக்கொண்டேன். இப்போதைய அறிஞர்கள் பல கட்சி. தைரியம், கூச்சம், நிதானம் என்று குணத்தைக் கூறு கூறாக அளந்துவிடலாம் என்பது ஒரு கட்சி. அளக்கவே முடியாது, நமக்கே தெரியாத ஆசையும் பயமும் மனசின் அடியில் கிடந்து நம்மை ஆட்டுகின்றன என்பது இன்னொரு கட்சி. ஒரே ஆள் வீட்டில் புலி, ஆலையில் பூனை, குணம் இருக்கிற இடத்தைப் பொறுத்தது என்பது மூன்றாவது. கடைசிக் கட்சியில் நான் அன்றைக்கே சேர்ந்துவிட்டேன்.

பரீட்சைக்கு முன்னால் மை கொட்டினது போன்ற ஒரு படத்தைக் காட்டி, என்ன தெரிகிறதென்று ஒருவரைக் கேட்டார். அவர் இரக்கத்தோடு, "கொட்டிப்போச்சா? பரவால்ல விடுங்க சார்" என்றார். மனசு டாக்டர் அந்தப் படத்தைப் பிறகு வெளியே எடுக்கவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் கேள்வியைப் படித்து, சொல்கிற பதிலுக்குக் கோடு போட வேண்டும். ஆம் என்றால் இடது பக்கக் கட்டம், இல்லை என்றால் வலது. மகளே அப்பாவுக்கு எழுதுவதா என்று ஒருவர் முணுமுணுத்தார். "இதுல சரி, தப்புன்னு எதுவும் கிடையாது" என்றார் மனசு டாக்டர். "அப்புறம் இன்னாத்துக்குப் பரீட்ச?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா கடைசியாக வந்தார். பக்கத்து நாற்காலியில், கையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பது கேள்வி வரைக்கும் அவர் சொன்னதை அப்படியே போட்டேன். அடுத்த கேள்வி, 'கோபத்தில் யாரையாவது கை நீட்டி அடித்ததுண்டா?'

அப்பா தாளையே பார்த்தார்.

"இல்ல" என்றார்.

என்னை வைத்துக்கொண்டு, என்னிடமே இல்லை என்கிறார்! உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆம் கட்டத்தில் கோடு போட்டேன். போட்ட கை நிற்கவில்லை. பொய் சொன்னதுண்டா? இல்ல. ஆம். புறம் பேசியதுண்டா? இல்ல. ஆம். தப்பைப் பிறர் மேல் போட்டதுண்டா? இல்ல. ஆம். அந்த மாதிரிக் கேள்வி எட்டு. எட்டுக்கும் அவர் இல்லை என்றார், எட்டுக்கும் நான் ஆம் போட்டேன். மற்றதெல்லாம் அவர் சொன்னபடி. வேலை கிடைக்காமல் போகட்டும் என்றுதான் செய்தேன். மழுப்ப மாட்டேன். அவருடைய இருமல் அந்த நேரம் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

வீட்டுக்குப் போனதும் ஞாபகம் வந்தது. அவர் முற்றத்தில் நின்று இருமினார்.

மறுநாள் மனசு டாக்டர் துளை போட்ட ஓர் அட்டையைத் தாள்களின் மேல் வைத்து, துளையில் தெரிந்த கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிட்டே போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"இந்த எட்டுக் கேள்வியும் ஒரு பொறிம்மா. பொய்யே சொன்னதில்ல, கோபமே வந்ததில்லன்னு உலகத்துல எவனும் சொல்ல முடியாது. எட்டுக்கும் இல்லைன்னு போட்டா அந்தத் தாளையே நம்பக் கூடாது. பதினோரு பேரும் அப்படித்தான் போட்டிருக்காங்க. ஒருத்தர்தான் மனசு விட்டுச் சொல்லியிருக்கார். உங்க அப்பா."

"மத்தவங்க பொய்க்காரங்க இல்ல சார்" என்று மட்டும் சொன்னேன். "எங்க தெருவுல காயிதமும் பேனாவுமா ஒரு ஆள் வந்து குணத்த விசாரிச்சா, ஒண்ணு போலீசு, இல்ல பொண்ணு கேட்டு வந்தவங்க. ரெண்டு பேருகிட்டயும் யாராவது குறையச் சொல்லுவாங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். முடிவை மாற்றவில்லை. நானும் மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

அப்பா மேஸ்திரி ஆனார். அம்மா தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். "எம் பொண்ணு எழுதின எழுத்து" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதம் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு போடும்போது சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கி நீ சொன்னத நான் போடலப்பா. மாத்திப் போட்டுட்டேன்."

"தெரியும்" என்றார்.

"ஒனக்குத்தான் படிக்கத் தெரியாதே?"

"பேனா எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்க எதுக்குப் படிப்பு? முப்பது வாட்டி பாத்தேன். இல்லன்னா இந்தப் பக்கம் போவும். அடிச்சதக் கேட்டதுலேர்ந்து சில வாட்டி, இல்லன்னு சொல்லியும் அந்தப் பக்கம் போச்சு."

"பாத்துட்டு ஏன்ப்பா சும்மா இருந்த? வேல போயிருக்குமே!"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"வாசல்ல வச்சி அடிச்சேன். ஒன் படிப்பும் போச்சி. அதுக்கு நீ எனக்கு இன்னா வேணாப் போட்டுக்கோன்னுதான் ஒக்காந்திருந்தேன்" என்றார்.

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஓவென்று அழுதேன். அப்பா என்னை நிறுத்தச் சொல்லவில்லை.