அவரவர் கப்பு

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் முடிந்ததும் உபதேசியார் வழக்கமாக ஒன்று கேட்பார்: "அடுத்த வாரம் யாரு வூட்டுல?" அந்தக் கேள்வி வந்தாலே எனக்கு உடம்பு கூசும். ஒவ்வொரு வாரமும் கதவோரமாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, "எங்க வூட்டுல வைங்க ஐயா" என்பாள். "பாக்கலாம்மா, கர்த்தருக்குச் சித்தமானா" என்பார் அவர். கர்த்தருடைய சித்தம் மற்ற எல்லார் வீட்டுக்கும் சுற்றிச் சுற்றி வந்தது, அவள் வீட்டுக்கு மட்டும் வழி தெரியவில்லை.

விருத்தாசலத்துக்குப் பீங்கான் வேலைக்காக வந்து சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் நாங்கள். அறுபதுகளின் கடைசி. என் கணவருக்குச் சூளையில் வேலை. அவளுக்கும் அதே ஆலைதான். கப்புகளை மெருகுக் குழம்பில் முக்கி எடுத்து அடுக்குவாள். அவள் குடியிருப்பு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். சாதி என்ற சொல்லை எங்கள் சபையில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே எல்லாம் நடக்கும். ஆயர் வந்து திருவிருந்து கொடுக்கும் ஞாயிறுகளில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிப்போம். அவள் எல்லாரும் குடித்து எழுந்த பிறகு, கடைசியாக வந்து முழங்கால் போடுவாள். அவளாகத்தான் அப்படி வருகிறாள் என்று நினைத்துக்கொள்வது சபைக்கு வசதியாக இருந்தது.

ஒரு வெள்ளி அவள் விடவில்லை. எழுந்து நின்றே கேட்டுவிட்டாள். "வருஷம் ஒண்ணாவப் போவுது ஐயா, இன்னும் எங்க வூட்டுக்கு ஜெபக்கூட்டம் வரல."

உபதேசியாருக்குத் தட்டிக்கழிக்க வழியில்லை. சரி என்றார். கூடவே ஒரு புதுத் திட்டமும் சொன்னார். "நாம எளிமையா இருக்கணும். வூட்டுக்காரங்களுக்குச் சிரமம் வைக்கக் கூடாது. இனிமே டீ குடிக்க அவங்கவங்க கப்ப அவங்கவங்களே எடுத்துட்டு வந்துடுங்க."

"நல்லதுங்க ஐயா" என்றாள் அவள், முகமெல்லாம் மலர.

எனக்குச் சுருக்கென்றது. வீடு திரும்பும் வழியெல்லாம் கணவரைப் பிய்த்து எடுத்தேன். "இத்தன நாளு இல்லாத எளிமை இப்ப எங்கேருந்து வந்துச்சாம்?"

"அவரு நல்லதுக்குத்தான் சொல்லுவாரு. நீ எதையாவது கிளப்பிவுடாத" என்றார்.

எளிமை என்று யாராவது பிரசங்கம் செய்தால், இது யாருக்காக என்று இன்றும் எனக்குள் ஒரு கேள்வி எழும். அந்தச் சந்தேகம் அன்றைக்குத் தொற்றியதுதான்.

அடுத்த வெள்ளி கணவர் தன் கப்பைப் பையில் வைத்துக்கொண்டார். நான் எடுக்கவில்லை. அதைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், வெறும் எரிச்சல். கூப்பிட்ட வீட்டுக்குப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போக எனக்குக் கை வரவில்லை.

ஒற்றை அறை வீடு. தரையை மெழுகி, அக்கம்பக்கத்தில் வாங்கி வந்த பாய்களை விரித்திருந்தாள். மூலையில் ஒரு தட்டு நிறையப் புது எவர்சில்வர் டம்ளர்கள். என்றைக்காவது ஜெபக்கூட்டம் வரும் என்று மங்கலம்பேட்டைக் கடைவீதியில் வாங்கி வைத்தவையாம். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம் எல்லாம் ஆயிற்று. டீயோடு அவள் வந்ததும் பைகள் திறந்தன. வெளியே வந்தவை எல்லாம் எங்கள் ஆலையில் கழித்துப்போட்ட செகண்ட்ஸ் கப்புகள். காது கோணியது, புள்ளி விழுந்தது. எங்கள் எல்லார் வீட்டிலும் அவைதான் புழக்கம். அவற்றில் பாதியாவது அவள் முக்கி எடுத்தவையாக இருக்கும். அவள் டம்ளரில் வாய் வைக்க மாட்டோம் என்று, அவள் கைபட்ட கப்பையே சுமந்துகொண்டு வந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமுமாக வந்தது.

என் முறை வந்தபோது வெறுங்கையை நீட்டினேன்.

"மறந்துட்டீங்களாக்கா? பரவால்ல, டம்ளரு இருக்குது." புது டம்ளரில் ஊற்றித் தந்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, "ஐயா நல்ல ஏற்பாடு பண்ணியிருக்காரு. வூட்டுக்கு வூடு ஒரே மாரி" என்றாள்.

அடுத்த வாரம் ஜெபம் எங்கள் வீட்டில். அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழம்பு அடிப்பிடித்தது, பால் பொங்கி வழிந்தது. அவளிடம் சொல்லிவிடலாமா? அந்தச் சட்டம் உன் வீட்டுக்கு மட்டும்தான் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் அவள் கப்போடு வந்து நிற்பாளே? ஒருவேளை மற்றவர்களும் ஒப்புக்காவது கொண்டுவருவார்களோ? ஒருநாள் வேலை விடும் நேரத்துக்கு ஆலை கேட் வரைக்கும் போனேன். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். முழங்கால் போட்டால், தைரியம் தாரும் ஆண்டவரே என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கேட்ட தைரியமும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்தார்கள், வெறுங்கையோடு. முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டு வந்தவர்கள் இல்லை. யாருக்கும் யாரும் எதையும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, அதுதான் கொடுமை. ஜெபம் முடிந்து தட்டில் கப்புகளோடு வந்தேன். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். கதவோரத்தில் அவள், தன் கப்பை முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

"ஏன், நீங்கல்லாம் கப்பு எடுத்துட்டு வரலயா?"

குறை சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள். உபதேசியார் வேதாகமத்தைப் புரட்டத் தொடங்கினார். "மறந்துட்டோம்மா" என்றது ஒரு குரல். எல்லாருமா? அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அவள் பார்வை என் முகத்தில் வந்து நின்றது. அங்கே அவளுக்குப் புரிந்துவிட்டது.

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். எழுந்தாள்தான். தன் கப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, நேரே வந்து என் தட்டிலிருந்து ஒரு கப்பை எடுத்தாள். கதவோரம் திரும்பிப் போகவில்லை. நடுக்கூடத்தில், உபதேசியாருக்கு எதிரே உட்கார்ந்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

அன்றைக்கு உபதேசியார் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"அடுத்த வாரம் மறுபடியும் எங்க வூட்டுலதாங்க ஐயா. யாரும் கப்பு எடுத்துட்டு வர வேணாம்."

போனோம். என் கணவர் பையை எடுத்தவர், என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டார். அங்கே உபதேசியார் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனாலும் வந்திருந்தார். மற்றப் பாய்கள் காலியாகக் கிடந்தன. ஜெபம் முடியும் வரைக்கும் என் காது வாசல் பக்கமே இருந்தது. ஒருவரும் வரவில்லை.

அவள் டம்ளர்களில் டீ ஊற்றினாள். எங்களுக்குக் கொடுத்த பிறகும் நிறுத்தவில்லை. தட்டில் மிச்சமிருந்த எல்லா டம்ளர்களிலும் ஊற்றினாள். அந்தத் தட்டைத் தூக்கி வந்து எங்கள் நடுவில் வைத்தாள்.

"வராதவங்களுக்கும் சேத்துத்தான் போட்டேங்க்கா. இன்னொண்ணு குடிங்க."

எடுத்துக் குடித்தேன். உபதேசியாரும் கொஞ்சம் தயங்கிவிட்டு, இரண்டாவது டம்ளருக்குக் கை நீட்டினார்.